ஏறுமா என்று மட்டும் கேள்

மலேசியாவில் தாப்பாவிலிருந்து மலைமேல் ரிங்லெட்டுக்கு ஏறும் பழைய சாலையில், அருவிக்குக் கொஞ்சம் கீழே, மூங்கில் புதரை ஒட்டி ஒரு மண்திட்டு இருக்கிறது. சவரிமுத்துவின் கஞ்சில் என்ற சின்னக் கார் வாரத்தில் மூன்று நாள் அங்கே நிற்கும். அவர் நிறுத்துவதில்லை, அது நின்றுவிடும். அறுநூற்று அறுபது சிசி இஞ்சின், மூன்று சிலிண்டர், இருபது வயது. வெப்பமானியின் முள் நடுவைத் தாண்டியதும் ஏசியை அணைப்பார். இன்னும் ஏறினால் இரண்டாம் கியரிலிருந்து முதல் கியருக்கு இறங்குவார். அதற்குப் பிறகு அவரால் செய்யக்கூடியது அந்த மண்திட்டில் ஒதுக்கி இஞ்சின் மூடியைத் திறந்து வைப்பது மட்டும்தான்.

பக்கத்து இருக்கையை முழுதாகச் சாய்த்து அவருடைய மனைவி பிலோமினா படுத்திருப்பாள். இடது கையில் கட்டு, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் தாப்பாவில் நான்கு மணி நேரம் அவளுக்கு ரத்தம் கழுவுகிறார்கள். கழுவி முடித்த உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. வளைவுக்கு வளைவு குமட்டும். கார் நின்றால் குமட்டல் நின்று குளிர் எடுக்கும், ஓடினால் மறுபடி குமட்டும். பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால் வீடு சேர மூன்று மணி நேரம்கூட ஆகும்.

கோஸ் ஏற்றிப் போய்த் திரும்பும் லோரிக்காரர்கள் அவரை அடையாளம் வைத்திருந்தார்கள். நிற்கும் காரைக் காட்டிக் கேட்பார்கள்.

"என்னண்ணே, காடி ஜெபம் பண்ணுதா?"

"ஆமா, உனக்கும் சேத்துத்தான்."

"கொஞ்சம் தள்ளி நிப்பாட்டி ஜெபம் பண்ணச் சொல்லுங்க, எனக்கு வளைவு பத்தல."

பிலோமினா கண்ணைத் திறக்காமல் சிரிப்பாள். சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வராது. இஞ்சினுக்குள் தண்ணீர் கொதிக்கும் சத்தத்தை அவர் எண்ணிக்கொண்டிருப்பார்.

மேலே ரிங்லெட்டில் அவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே ரத்தம் கழுவும் இடம் ஒன்று உண்டு. எட்டு நாற்காலிகள், எட்டிலும் ஆள். பிலோமினாவின் பெயர் வரிசையில் நான்காவதாக இருந்தது. அந்த வரிசை எப்படி நகரும் என்பதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

தாப்பாவில் பிலோமினாவின் தங்கை ரெஜினா இருந்தாள். "இங்கயே வந்து இருந்துரு அக்கா, எதுக்கு இந்த அலைச்சல்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். பிலோமினா மறுத்துவிடுவாள். கீழே புழுக்கம், ரெஜினா வீட்டில் நாள் முழுக்கத் தொலைக்காட்சி, இதெல்லாம் அவள் சொன்ன காரணங்கள். கொல்லையில் சௌசௌ பந்தல் இருக்கிறது, அதை இவர் கவனிக்க மாட்டார் என்பதும் ஒன்று. முப்பத்திரண்டு வருடமாகப் பக்கத்தில் படுத்த ஆளை விட்டு வர மனமில்லை என்பதை அவள் காரணமாகச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

சவரிமுத்து தேயிலைத் தொழிற்சாலையில் இலை காயவைக்கும் அடுப்புகளையும் காற்றாடிகளையும் பார்த்துக்கொண்டவர். முப்பத்தொரு வருடம். எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் உண்டு, காரணம் இருந்தால் அதற்கு ஒரு திருகு உண்டு, திருகு இருந்தால் அதைத் திருக ஒரு ஸ்பேனர் உண்டு என்பது அவர் அங்கே கற்றது. மனைவியின் சிறுநீரகம் கெட்ட பிறகு இந்த நம்பிக்கையை வைக்க இடமில்லாமல் இருந்தார். டாக்டர் பேசும்போது அவருடைய கை தன்னையறியாமல் பாக்கெட்டைத் துழாவும். கார் மட்டும்தான் அவருக்குப் புரிகிற வியாதியாக மிஞ்சியிருந்தது.

அப்படித்தான் பீடோரில் சீனர் ஆ சோயின் கார்ப் பட்டறைக்குப் போனார்.

ஆ சோயின் கொட்டகையில் ஜப்பானிலிருந்து வரும் கார்களின் முன்பாதிகள் கிடந்தன. நடுவில் அறுத்து, முன்பாதியை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். இஞ்சின், கியர் பெட்டி, வயர்கள், சிலவற்றில் ஸ்டீரிங்கூட அப்படியே இருக்கும். சின்னக் காருக்குள் பெரிய இஞ்சின் வைப்பதில் அந்த வட்டாரத்தில் ஆ சோயை மிஞ்ச ஆளில்லை. வாடிக்கைக்காரர்கள் பெரும்பாலும் வேகப் பைத்தியம் பிடித்த இளவட்டங்கள்.

"தவுக்கே, இதுல பெரிய இஞ்சின் போட்டா லாபமா?" என்று பட்டறை முதலாளியைக் கேட்டார் சவரிமுத்து.

ஆ சோய் காரை ஒரு சுற்று சுற்றிவந்தார். "லாபமான்னு கேக்காதண்ணே. லாபம் பாக்கிறவன் எவனும் இதச் செய்ய மாட்டான். ஏறுமான்னு மட்டும் கேளு."

"ஏறுமா?"

"ஆடு மாதிரி ஏறும்."

"எறங்குமா?"

ஆ சோய் வாயிலிருந்த சிகரெட்டை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார். "இருவத்தஞ்சு வருசத்துல ஒருத்தன் இதக் கேட்டதில்ல. எல்லாப் பயலும் எவ்வளவு ஓடும்னுதான் கேப்பான். எங்க நிக்கும்னு கேக்க மாட்டான்." காரின் முன்சக்கரத்தை உதைத்தார். "ஆயிரம் சிசி வைக்கலாம். மூக்கு கனமாயிரும், அதனால முன் ஸ்பிரிங் மாத்தணும். இந்தப் பிரேக்கு பிஸ்கட் மாதிரி, அதையும் பெருசு பண்ணணும். ரேடியேட்டர் ரெண்டு மடங்கு. பழைய கியர் பெட்டி தாங்காது, அதுவும் இஞ்சினோட வரும்."

"உள்ள எடம் பத்துமா?"

"பத்தலன்னா வெட்டுவோம். வெட்டுனா ஒட்டுவோம். வித்துட்டு வேற காடி வாங்கிக்கிறதுதான் புத்தி, சொல்லிட்டேன். பெறகு என்னைத் திட்டாத."

"அம்பத்தொம்பது வயசுக்காரனுக்கு எந்த பேங்கு லோன் குடுக்கும்? நீ குடுப்பியா?"

"எனக்கே எவனும் குடுக்க மாட்டான்."

கடைசியில் சவரிமுத்து கேட்க வேண்டியதையும் கேட்டார். "காடியோட பதிவுக் கார்டுல இஞ்சின் நம்பர் மாத்தணுமே, கடுதாசி?"

"மொதல்ல போடு, ஓட்டிப் பாரு, கடுதாசி பெறகு. இங்க எல்லாரும் அப்படித்தான்."

எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அதில் ஆ சோய் பொய் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துக் காரை எடுக்கப் போனபோது ஆ சோய் இஞ்சின் இறக்குமதியான சுங்கக் காகிதத்தின் நகல் ஒன்றை மடித்துக் கொடுத்தார். பழைய இஞ்சின் தரையில், ஒரு ரொட்டி டின் அளவுக்குச் சுருங்கிப்போனது போலக் கிடந்தது.

"இது வேணுமாண்ணே? விட்டுட்டுப் போனா ரேடியேட்டர் கூலி வேணாம்."

"வச்சு என்ன பண்ண? சௌசௌவுக்கு முட்டுக் குடுக்கவா?"

அதையும் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். பழைய இரும்பு லோரி அன்றைக்கே வந்து அதை எடுத்துப்போனது. இருபது வருடம் தன்னைச் சுமந்த பொருளை அவர் கையால்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. புதியதன் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரத்தம் கழுவி முடித்த பிலோமினாவை ஏற்றிக்கொண்டு தாப்பாவிலிருந்து கிளம்பினார். முதல் ஏற்றத்தில் வழக்கம்போல் இரண்டாம் கியருக்குக் கை போனது, தேவைப்படவில்லை. மண்திட்டு வந்தது, போனது. வெப்பமானி முள் நடுவுக்குக் கீழேயே ஆணி அடித்தாற்போல் நின்றது. முன்னால் ஊர்ந்த ஒரு கோஸ் லோரியைத் தாண்டும்போது அந்த டிரைவர் கண்ணாடியை இறக்கி ஏதோ கத்தினான். காதில் விழவில்லை. பிலோமினா அருவிக்கு முன்னாலேயே தூங்கிவிட்டிருந்தாள். கார் நின்றதும் திடுக்கிட்டுப் பையைத் தேடினாள்.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க? சூடாயிருச்சா?"

"வீடு வந்துருச்சு பிலோ."

அவள் சௌசௌ பந்தலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "மணி நாலரைதானே ஆகுது" என்றாள். பிறகு உள்ளே போய்த் தானே தேத்தண்ணி கலக்கினாள். மருத்துவமனை நாளில் அவள் அடுப்படிக்குள் போனது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அப்படிப் பதினோரு வாரம் போனது. லாபமா என்ற கேள்வியை அந்த வாரங்களுக்குள் மட்டும் நின்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். அந்த வாரங்களுக்குள்ளேயே நிற்க யாராலும் முடியவில்லை என்பதுதான் பிரச்சினை.

பன்னிரண்டாம் வாரம் ஒரு வியாழக்கிழமை, இறக்கத்தில், அருவிப் பக்கம் ஒரு வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் எதிரே தன் பாதையை விட்டு வந்தது. ஓட்டியவர் பக்கத்துக் காட்டுக் குடியிருப்பின் பூர்வகுடிக்காரர். பின்னால் மனைவி, நடுவில் ஒரு சின்னப் பெண், அவள் கையில் பெத்தாய் அவரைக் காய்க் கொத்து. சவரிமுத்து பிரேக்கை அழுத்தினார். பெரிய பிரேக் பிடித்தது. ஆனால் ஈரச் சாலையில் கனத்த மூக்கு ஒரு முழம் வழுக்கிக்கொண்டு போய்த்தான் நின்றது. மோட்டார் சைக்கிள் விலகிப் போய்விட்டது. அந்தச் சின்னப் பெண் மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அன்று சாயங்காலம் பிலோமினா சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு வந்து கேட்டாள்.

"இஞ்சின் மாத்துனது இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரியுமா?"

"கார்டுல இன்னும் மாத்தல."

"அடிபட்டிருந்தா அந்தப் பிள்ளைக்கு யாரு பணம் குடுப்பா?"

"படலையே பிலோ."

"நான் படலையான்னு கேக்கல."

சவரிமுத்து திங்கட்கிழமை சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, நகலை உறையில் வைத்து, வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்.

கவுண்டரில் இருந்தது முக்காடு போட்ட இளம்பெண். மரியாதையானவள். அவர் சொல்லச் சொல்லக் கணினியில் பதிந்துகொண்டே வந்தாள். அப்புறம்தான் காகிதத்தைக் கையில் வாங்கினாள்.

"அங்கிள், இது நகல். மூலத்தைப் பாக்கணுமே."

"இதுதாங்க குடுத்தாங்க. ஒரு கன்டெய்னர்ல வந்த எல்லா இஞ்சினுக்கும் ஒரே கடுதாசியாம். மூலம் எறக்குமதி பண்ணவர்கிட்ட இருக்குமாம்."

"அப்ப அதக் கொண்டாங்க, இல்ல அவரு முத்திரை குத்துன நகல் கொண்டாங்க. ரெண்டுல ஒண்ணு போதும். நானே முடிச்சுக் குடுக்குறேன்."

"அதுவரைக்கும்?"

அவள் திரையைப் பார்த்தாள். முகம் சற்று மாறியது. "விசாரணையில இருக்குன்னு ஏறிருச்சு அங்கிள். இது தீர்ற வரைக்கும் ரோட் டாக்ஸ் புதுப்பிக்க முடியாது."

"அத எடுத்துருங்களேன். நான் வரவே இல்லன்னு வச்சுக்குங்க."

"ஏத்துறதுக்குத்தான் எனக்கு அனுமதி. எடுக்குறதுக்கு இல்ல." கொஞ்சம் தயங்கிவிட்டு, "என் மாமாவும் இப்படித்தான் மாத்தி ஓட்டுறாரு. ஆறு வருசமா. அவரு இங்க வந்ததே இல்ல" என்றாள். அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. வருத்தத்தில் வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னாள்.

ஆ சோய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "யாருண்ணே உன்ன அங்க போகச் சொன்னா? திருடன் வந்தாக்கூட எனக்குப் பயமில்ல. உன்ன மாதிரி யோக்கியன் ஒருத்தன் வந்தா என் கடையே மூடிக்கும்!"

"பிலோ கேட்டா. பதில் சொல்ல முடியல."

"எம் பொண்டாட்டியும் ஆயிரம் கேக்கும். நான் பதில் சொல்றேனா? செவிடு மாதிரி இருந்துக்குவேன்." சொல்லிவிட்டு எழுந்து சாவியை எடுத்தார். "வா. கிள்ளானுக்குப் போவோம்."

இறக்குமதிக்காரரின் கொட்டகை இருந்த இடத்தில் வண்ணமீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். நீலத் தொட்டிகள், குழாய்களில் காற்று கொப்புளிக்கும் ஓசை. கடைக்காரர் நிதானமாகச் சொன்னார். பழைய முதலாளி செத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மகன் வெளிநாட்டில். அலமாரி நாலு விட்டுப்போயிருந்தார்கள், கூரை ஒழுகி எல்லாம் ஊறிவிட்டது.

"பழைய பேப்பர்காரன்கூட வேணாம்னுட்டான். நானே குப்பையில போட்டேன். முக்கியமா?"

ஆ சோய் இரண்டு தங்கமீன் வாங்கினார். வரும் வழி முழுக்க மடியில் அந்த மீன் பையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் சவரிமுத்துதான். யார் மேல் கோபப்படலாம் என்று அவர் தேடிப் பார்த்தார். செத்தவர் ஏமாற்றவில்லை. மீன்காரர் வேண்டுமென்று செய்யவில்லை. கவுண்டர் பெண் தன் வேலையைச் செய்தாள். ஆ சோய் கடையைப் பூட்டிவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். பிலோமினா கேட்ட கேள்வியோ சரியான கேள்வி. திருகு எங்கே என்று தெரிந்தால் திருகலாம். இங்கே எல்லாத் திருகும் சரியாகத்தான் முடுக்கியிருந்தது.

"வேற வழியே இல்லையா தவுக்கே?"

"ஒண்ணு இருக்கு. இங்கயே பதிஞ்ச காடி ஏதாச்சும் அடிபட்டு நசுங்கி வந்தா, அதுல இஞ்சினும் நல்லாருந்து கடுதாசியும் சுத்தமா இருந்தா, அத எடுத்து உனக்கு மாட்டிரலாம். கூலி வேணாம். ஆனா இஞ்சினுக்குக் காசு வேணும், அது இப்ப உங்கிட்ட இல்ல, எங்கிட்டயும் இல்ல. பழசாச்சும் இருந்திருந்தா சும்மாவே மாட்டிக் குடுத்துருப்பேன்."

"அதக் குடுத்துட்டோமே."

"குடுத்துட்டோம்" என்றார் ஆ சோய். மீனைப் பார்த்துச் சொன்னார்.

ரோட் டாக்ஸ் அந்த மாதம் பதினெட்டாம் தேதி முடிந்தது. பத்தொன்பதாம் தேதி வியாழன். சவரிமுத்து வழக்கம்போல் சாவியோடு வாசலில் நின்றார். பிலோமினா குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.

"ஒரு நாள்தானே பிலோ. யாரு பாக்கப் போறா?"

"அந்தப் பிள்ளை பாத்துச்சே."

"ரோட்டுல ஆயிரம் பேரு இப்படி ஓட்டுறான்."

"ஓட்டட்டும். எனக்கு ஆயுசு எவ்வளவு தூரம்னு எனக்குத் தெரியும். அதுக்காக இன்னொருத்தர ரோட்டுல போட்டுட்டுப் போக மாட்டேன்."

பஸ் போவதற்குத் தோதாக இருந்தது, திரும்புவதற்கு இல்லை. ரத்தம் கழுவி முடிக்கும் நேரத்துக்கும் பஸ்ஸுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி. இரண்டு முறை கோஸ் லோரியில் ஏறிவந்தார்கள். அதே டிரைவர்தான். இப்போது அவன் கிண்டல் செய்யவில்லை. அவள் தலைக்குத் தன் சட்டையைச் சுருட்டிக் கொடுத்தான், வளைவுகளில் மெதுவாகப் போனான். சவரிமுத்துவுக்கு அவன் கிண்டல் செய்திருந்தால் தேவலை என்று இருந்தது. மூன்றாவது வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பிலோமினா படியிலேயே சரிந்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை கழுவி முடித்த பின் ரெஜினா வந்து பையை வாங்கிக்கொண்டாள். பிலோமினா மறுக்கவில்லை.

"பந்தலுக்குத் தண்ணி ஊத்துங்க" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ்ஸில் தாப்பாவுக்குப் போகிறார். ரெஜினா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. தொலைக்காட்சி ஓடும். இரண்டு பேரும் ஒரே சோபாவில், விருந்தாளிகள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். "இங்கயே நீங்களும் வந்துருங்க" என்று ரெஜினா சொன்னாள். இருப்பது இரண்டு அறை, ரெஜினாவுக்கு மருமகள் வேறு. அவருக்கோ, தொழிற்சாலைக்குப் பிறகு கிடைத்த கோஸ் கட்டும் வேலை மேலேதான். அந்தச் சம்பளத்தில்தான் கீழே ரத்தம் கழுவுகிறார்கள்.

தினமும் காலையில் பசியாறிய பிறகு காரை ஸ்டார்ட் செய்கிறார். பேட்டரி செத்துவிடக் கூடாது. வீட்டு வளாகத்துக்குள் ஸ்டார்ட் செய்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஒரே சாவித் திருப்பில் பற்றிக்கொள்கிறது. தன் தொழிலில் அவர் கண்ட இஞ்சின்களில் இவ்வளவு ஒழுங்கான ஒன்றை எண்ணிச் சொல்ல வேண்டுமென்றால் விரல்கள் மிஞ்சும்.

ஒரு புதன்கிழமை காலையில் அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது மேலே உள்ள ரத்தம் கழுவும் இடத்திலிருந்து போன் வந்தது. பிலோமினாவின் பெயர் நான்கிலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறது, நாற்காலி கிடைத்தால் உடனே வர முடியுமா, எண் இதுதானா என்று சரிபார்த்தார்கள். "வர முடியும்" என்றார். வைத்த பிறகுதான் நான்கு எப்படி இரண்டானது என்று நினைத்தார். இரண்டு நாற்காலிகள் காலியாகியிருக்க வேண்டும். ரிங்லெட் சின்ன ஊர். யாரென்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். அடக்கத்துக்கும் போக வேண்டியிருக்கும்.

பிலோமினாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"யாரு?" என்றாள்.

"தெரியல."

"தெரிஞ்சா ஒரு பூசைக்குக் குடுங்க." பிறகு, "என்ன சத்தம்? காடியா?"

"ஆமா."

"ஆ சோய் ஒண்ணும் சொல்லலையா?"

"எங்கயாச்சும் அடிபட்ட காடி வந்தாச் சொல்றேன்னான்."

இரண்டு பேரும் இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போனில் இருந்தார்கள். எதற்காக ஜெபிப்பது என்று சவரிமுத்துவுக்கு அன்றும் தெரியவில்லை. நாற்காலி கிடைக்க வேண்டும் என்று கேட்டால் ஒரு சாவைக் கேட்பதாகும். இஞ்சின் கிடைக்க வேண்டும் என்று கேட்டால் ஒரு விபத்தைக் கேட்பதாகும். அவருக்கு வேண்டிய இரண்டும் யாரோ இருவரிடம் இன்னும் நன்றாக இருந்தன.

"வச்சுரட்டுமா?" என்றாள்.

"ம்."

முள் நடுவுக்குக் கீழே வந்து நின்றது. விசிறி ஒருமுறை சுற்றி நின்றது. அவர் இஞ்சினை அணைத்தார். பின்சக்கரத்துக்கு வைத்திருந்த கல் நகர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, சௌசௌவுக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்.